கொப்பரையைத் தூக்கலாம், மலையைத் தூக்க முடியுமா?

பழைய கம்ப்யூட்டரில் புதிய கால்குலேட்டர் வருமா? திருவண்ணாமலைக் கடை ஒன்றின் கணக்கு!

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குத்துவிளக்கு, ஊதுபத்தி, ருத்திராட்சம், பருத்தித் துணிப் பை எல்லாம் விற்கும் கடை. வருகிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் உண்டு. கிரிவலம் வந்த வெளியூர் ஜனங்கள் உண்டு. ஜெர்மனி, பிரான்சு, அமெரிக்கா என்று கடல் தாண்டி வந்தவர்களும் உண்டு.

கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர். 2011-ல் வாங்கியது. அதில் ஓடுவது விண்டோஸ் 7. கடைக் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. கடைக்காரருக்கு அதன் மேல் ஒரு குறையும் இல்லை. காலையில் ஊதுபத்தி காட்டும்போது அதற்கும் ஒரு சுற்று காட்டுவார்!

குறை வந்தது பிள்ளைகளுக்கு.

"அப்பா! எங்க காலேஜ் கம்ப்யூட்டரில் இருக்கிற கால்குலேட்டரில் யூரோ என்று போட்டால், ரூபாய் எவ்வளவு என்று தானாகவே வருதுப்பா. நம்ம கம்ப்யூட்டரில் அது இல்லையே!" என்றான் மகன்.

"அப்பா! அதே கால்குலேட்டரில் கணக்கைப் போட்டால் படமாகவே வரைந்து காட்டுதாம். பிளஸ் டூ கணக்கிலே பரவளையம், நீள்வட்டம் எல்லாம் வருது. எனக்கும் வேணும்ப்பா!" என்றாள் மகள்.

கடைக்காரர் ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் கம்ப்யூட்டரை ஒரு தட்டுத் தட்டினார். "இதெல்லாம் காலம் போச்சுண்ணே. புதுசு வாங்கிடுங்க. நாற்பதாயிரம் ஆகும்" என்றார்.

நாற்பதாயிரம்! ஒரு கால்குலேட்டருக்கா?

"செல்போனில் பார்த்தால் போதாதா?" என்று கேட்கலாம். போதும்தான். ஆனால் கல்லாவில் இருக்கும் பெரிய திரையை வாங்க வந்தவர் பக்கம் திருப்பிக் காட்டினால், பேரம் பேச்சில்லாமல் முடியும் என்பது மகனின் எண்ணம். வியாபாரம் தெரிந்த பிள்ளை!

27 கிலோபைட் மர்மம்

மகன் ஒரு யோசனை செய்தான். காலேஜ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10 இருக்கிறது. அதில் 'கால்க்' என்ற பெயரில் ஒரு கோப்பு. அதைப் பென்டிரைவில் எடுத்து வந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் தீர்ந்தது!

எடுத்து வந்தான். போட்டான். இரண்டு தடவை தட்டினான். கால்குலேட்டர் வரவில்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்!

அப்போதுதான் அவன் ஒரு விசித்திரத்தைக் கவனித்தான். வீட்டில் இருக்கும் பழைய கால்குலேட்டர் கோப்பின் எடை சுமார் முக்கால் மெகாபைட். புதிய கோப்பின் எடையோ சுமார் 27 கிலோபைட்! இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. அதிக வேலை செய்யும் புதிய கால்குலேட்டர் எடையில் எப்படி இளைத்துப் போகும்?

ரகசியம் இதுதான். அந்தக் கோப்பு கால்குலேட்டரே அல்ல! அது வாசலில் இருக்கும் அழைப்பு மணி. மணியை அமுக்கினால் உள்ளே இருப்பவர் வந்து கதவைத் திறப்பார். உண்மையான கால்குலேட்டர் வேறோர் இடத்தில், பூட்டிய அறை போன்ற ஒரு கோப்புறையில், பெரிய மூட்டையாக இருக்கிறது. பையன் வீட்டை விட்டுவிட்டு அழைப்பு மணியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்!

சரி, மூட்டையையே தூக்கி வந்தால்? அப்போதும் ஓடாது. ஏன்?

மலை எங்கே?

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்.

கார்த்திகை தீபத்துக்குக் கொப்பரையை மலை உச்சிக்குத் தூக்கிச் செல்கிறார்கள். நெய் போகிறது. திரி போகிறது. 2,668 அடி உயரத்தில் தீபம் எரிகிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் தெரிகிறது.

அதே கொப்பரையை, அதே நெய்யை, அதே திரியை லாரியில் ஏற்றி ஒரு வெட்டவெளி மைதானத்தில் இறக்கி ஏற்றினால் என்ன ஆகும்? எரியும். ஆனால் அடுத்த ஊருக்குத் தெரியாது. கொப்பரையைத் தூக்கலாம், மலையைத் தூக்க முடியுமா?

கம்ப்யூட்டரிலும் மலை ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரை எழுப்பி, திரையைக் காட்டி, எழுத்தைத் தட்டினால் வாங்கி, கோப்புகளைப் பத்திரப்படுத்தி, எல்லா வேலையும் வாங்குகிற மூல புரோகிராம் அது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். தமிழில் இயங்குதளம். தளம்! பொருத்தமான பெயர்தான். விண்டோஸ் 7 ஒரு தளம். விண்டோஸ் 10 வேறொரு தளம். கால்குலேட்டர் அதன் மேல் நிற்கும் கொப்பரை.

விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபரில். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாப்ட் கம்பெனி புதுவிதமான புரோகிராம்களைக் கொண்டு வந்தது. செல்போன் ஆப்களைப் போல மூட்டையாகக் கட்டி, கம்பெனியின் கடையிலிருந்தே இறக்கிக்கொள்ளும் வகை அது. அவற்றைத் தாங்குவதற்கென்று விண்டோஸின் அடித்தளத்தில் புதிய பகுதிகளைக் கட்டினார்கள். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-ல் கால்குலேட்டரே அந்த வகைக்கு மாறிவிட்டது. விண்டோஸ் 7-ல் அந்தப் பகுதிகள் கிடையவே கிடையாது. மறைந்திருக்கின்றன என்பதும் இல்லை. கட்டப்படவே இல்லை!

பெயர் சொல்லிக் கூப்பிட்டால்...

ஒரு புரோகிராம் தன் வேலையை எல்லாம் தானே செய்வதில்லை. "எனக்கு ஒரு சதுரம் வரைந்து கொடு", "இந்தக் கோப்பைத் திற", "இப்போது மணி என்ன?" என்று தளத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் தளத்தில் ஓர் ஆள். அந்த ஆளுக்கு ஒரு பெயர். புரோகிராம் பெயர் சொல்லிக் கூப்பிடும். ஆள் வந்து வேலையைச் செய்துவிட்டுப் போவார்.

புதிய புரோகிராம் புதிய பெயர்களைச் சொல்லிக் கூப்பிடுகிறது. பழைய தளத்தில் அந்தப் பெயரில் யாரும் இல்லை. அப்போது திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நிற்கும். 'என்ட்ரி பாயிண்ட் நாட் ஃபவுண்ட்' என்று அதில் எழுதியிருக்கும். ஜனங்கள் அதைப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படுகிறார்கள். ஒன்றும் கெடவில்லை. "நீங்கள் கேட்ட பெயரில் இந்த வீட்டில் ஆள் இல்லை" என்று மரியாதையாகச் சொல்கிறது. அவ்வளவே!

இல்லாத பெயருக்கு ஆள் வைத்தால் என்ன என்று யோசித்தவர்களும் உண்டு. 'விஎக்ஸ்கெக்ஸ்' என்று ஒரு முயற்சி. விண்டோஸ் 7-க்கு மேல் அதைப் போட்டால், புதிய புரோகிராம்கள் கூப்பிடும் பெயர்களில் சிலவற்றுக்கு அது பதில் சொல்லும். அதனால் விண்டோஸ் 8, விண்டோஸ் 10 ஆகியவற்றுக்கென்று எழுதப்பட்ட சில சாதாரண புரோகிராம்கள் விண்டோஸ் 7-லும் ஓடுகின்றன. கெட்டிக்கார வேலைதான்! ஆனால் மூட்டை வகை ஆப்கள் அதற்கும் அடங்காது. கால்குலேட்டர் மூட்டை வகை.

நவக்கிரக விலைப்பட்டியல்!

இந்தக் கதையில் ஒரு திருப்பம் 2019-ல் வந்தது.

எந்தக் கம்பெனியும் தன் புரோகிராமின் மூலத்தை, அதாவது அது எழுதப்பட்ட வரிகளை, சாதாரணமாக வெளியே காட்டாது. அல்வாக் கடைக்காரர் பக்குவத்தைச் சொல்வாரா? ஆனால் 2019 மார்ச்சில் மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் கால்குலேட்டரின் மூல வரிகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. "யாரும் எடுக்கலாம்; திருத்தலாம்; தம் இஷ்டம்போல் உபயோகிக்கலாம்" என்று அனுமதியும் கொடுத்தது.

உடனே வேலையில் இறங்கியவர்களில் ஒரு கூட்டத்தார் கனடா நாட்டில் பிறந்த 'ஊனோ பிளாட்பாரம்' என்ற அமைப்பினர். விண்டோஸ் 10-க்கென்றே எழுதிய ஆப்பை மற்றத் தளங்களிலும் ஓட வைப்பது இவர்கள் தொழில். புதிய கால்குலேட்டரை, இன்டர்நெட் பார்க்கும் பிரவுசருக்குள்ளேயே ஓடும்படி மாற்றினார்கள். 2020-ல், விண்டோஸ் 7-லும் இந்த வழியில் புதிய ஆப்கள் ஓடும் என்று காட்டினார்கள். அதே ஆண்டு கால்குலேட்டரை லினக்ஸ் என்ற வேறு தளத்துக்கும் கொண்டு போனார்கள். கொப்பரையை உருக்கி, வேறு மலைக்கு ஏற்றபடி வார்த்துவிட்டார்கள்!

"அப்படியானால் நம் கடைக்காரர் மகனின் பிரச்னை தீர்ந்ததல்லவா?"

அதுதான் இல்லை! வெளியிட்ட மூல வரிகளில் இரண்டு விஷயம் மட்டும் இல்லை. ஒன்று, வெளிநாட்டுப் பணத்தின் அன்றாட விலை. அதைக் கம்பெனி தனியாகப் பெற்று வைத்திருக்கிறது. பிறர் உபயோகிக்க அனுமதி இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பொய்ப் பட்டியலை வைத்திருக்கிறார்கள். யாரும் நிஜமென்று நம்பி ஏமாந்துவிடக் கூடாதே என்று, அந்தப் பட்டியலில் நாடுகளின் பெயருக்குப் பதில் கிரகங்களின் பெயரைப் போட்டார்கள்! செவ்வாய்க் கிரகத்துப் பணத்தைக் கொண்டு செங்கம் ரோட்டில் குத்துவிளக்கு விற்க முடியுமா?

இரண்டாவது, கணக்கைப் படமாக வரையும் பகுதி. அந்தப் பகுதி புதிய கால்குலேட்டரில் சேர்ந்தது 2020-ல். அதை வரைகிற உள் யந்திரத்தையும் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. வெளியே கிடைப்பது வெறும் பொம்மை யந்திரம்.

மகன் கேட்டது பண மாற்று. மகள் கேட்டது படம். பந்தி போட்டு, இலை போட்டு, அந்த இரண்டு பதார்த்தத்தை மட்டும் பரிமாறவில்லை!

பழையதிலே ஒரு புதையல்

புதியதைத் தேடி அலையும்போது, இருப்பதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விண்டோஸ் 7-ல் இருக்கும் பழைய கால்குலேட்டரை எத்தனை பேர் முழுதாகப் பார்த்திருப்பார்கள்?

அதைத் திறந்து, கண்ட்ரோல் பொத்தானை அமுக்கியபடி யூ எழுத்தைத் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு பலகை விரியும். அடியை மீட்டராக்கலாம். பவுண்டைக் கிலோவாக்கலாம். ஏக்கரைச் சதுர மீட்டராக்கலாம். வெளிநாட்டார் "இந்த விளக்கு எத்தனை அங்குலம்?" என்று கேட்டால் பதில் தயார்.

கண்ட்ரோல் பொத்தானுடன் ஈ எழுத்தைத் தட்டினால் தேதிக் கணக்கு வரும். இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே எத்தனை நாள்? நகைக் கடனுக்கு வட்டி பார்க்கிறவர்கள், சரக்குக்குத் தவணை சொன்னவர்கள் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. மாதத் தவணைக் கணக்கு உண்டு. வண்டி எவ்வளவு எரிபொருள் குடிக்கிறது என்ற கணக்கும் உண்டு! இவை எல்லாம் 2009-லிருந்தே அதற்குள் இருக்கின்றன. மெனுவைத் திறந்தவர்கள்தான் குறைவு.

பண மாற்று மட்டும் அதில் இல்லை. ஆனால் யூரோவின் அன்றைய விலை பேப்பரில் வருகிறது. அதைப் பார்த்து, பெருக்கல் குறியைத் தட்டுவதற்குக் கைவசம் பத்து விரல் இருக்கிறது!

மகளுக்கு வேண்டியதும் வெகு தூரத்தில் இல்லை. தமிழக அரசின் கணக்குப் பாடப் புத்தகத்தைப் புரட்டினால், இணையச் செயல்பாடு என்று சில பக்கங்கள் வருகின்றன. அங்கே சொல்லப்படுவது ஜியோஜீப்ரா என்ற புரோகிராம். ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசம். பரவளையம் என்ன, நீள்வட்டம் என்ன, கோட்டைப் பிடித்து இழுத்தால் படம் கூடவே நெளிந்து கொடுக்கும். அதன் பழைய பதிப்பு விண்டோஸ் 7-லும் ஓடுகிறது. புதிய கால்குலேட்டர் வரைவதைவிட இது நன்றாகவே வரைகிறது என்று தாராளமாகச் சொல்லலாம்.

தமிழுக்கும் இதே கதை

இப்படி வெளியிலிருந்து வந்த புரோகிராம் வீட்டுப் புரோகிராமை மிஞ்சுவது தமிழர்களுக்குப் புதிது அல்ல.

தமிழ் தட்டச்சுக்கு தமிழ்99 என்று ஒரு விசைப்பலகை. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. விண்டோஸ் 10-ல் அது உள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 7-ல் உள்ளே வருவது வேறு அமைப்பு. எழுத்துகள் இடம் மாறி இருக்கும். பழகிய விரல் தடுமாறும்.

அதற்காகத் தமிழ் எழுதுகிறவர்கள் விண்டோஸ் 10 வரட்டும் என்று காத்திருந்தார்களா? இல்லை! இ-கலப்பை வந்தது. என்.எச்.எம். ரைட்டர் வந்தது. தமிழர்களே எழுதி, இலவசமாகக் கொடுத்த புரோகிராம்கள். எக்ஸ்பி காலத்திலேயே தமிழ்99 ஓடியது. மைக்ரோசாப்ட் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது பிறகுதான்.

நோட்பேட் சமாசாரமும் அப்படியே. ஒரே ஜன்னலில் பல தாள்களைத் திறந்து வைக்கும் வசதி விண்டோஸ் 11-ன் நோட்பேடில் 2023-ல் வந்தபோது பெரிதாகப் பேசினார்கள். 2003-ல் பிறந்த நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற இலவசப் புரோகிராமில் அந்த வசதி வெகு காலமாக இருக்கிறது. விண்டோஸ் 7-லும் ஓடும்.

போலிக் கடைகள், ஜாக்கிரதை!

இங்கே ஓர் எச்சரிக்கை. "விண்டோஸ் 10 கால்குலேட்டர், விண்டோஸ் 7-க்கு இலவசம்!" என்று இன்டர்நெட்டில் தேடினால் வரிசையாகக் கடை விரித்திருப்பார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் இல்லாத கோப்பு இதோ!" என்று தனிக் கோப்புகளைக் கொடுக்கும் இடங்களும் உண்டு. அதில் எது கால்குலேட்டர், எது திருடன் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முகவரி தெரியாதவன் கொடுக்கும் விபூதியை நெற்றியில் இட்டுக்கொள்ளலாம், வாயில் போட்டுக்கொள்ளலாமா?

ஒரு புரோகிராம் வேண்டுமானால், அதை எழுதியவர்களின் சொந்த இடத்திலிருந்தே இறக்க வேண்டும். கடைக்காரரின் மூன்று வருஷக் கணக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இலவசக் கால்குலேட்டருக்கு அதைப் பணயம் வைக்கிறவர் வியாபாரி ஆக மாட்டார்.

காவல் இல்லாத கோட்டை

இதுவரை பேசியது கொப்பரையைப் பற்றி. மலையைப் பற்றி ஒரு பெரிய விஷயம் பாக்கி.

எந்தத் தளத்திலும் ஓட்டைகள் இருக்கும். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க, கம்பெனி அடைத்துக்கொண்டே வரும். ஒரு நாள், "இனி இதற்கு அடைப்பு இல்லை" என்று கை கழுவிவிடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு அந்த நாள் 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று வழக்கமான காவல் முடிந்தது. கேட்டுப் பதிவு செய்துகொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் மேலும் ஓர் ஆண்டு தந்தார்கள்.

அடைப்பு இல்லாவிட்டால் என்ன? 2017 மே 12 அன்று உலகமே அதைப் பார்த்தது. வானாக்ரை என்ற விஷப் புரோகிராம் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்தது. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டு, "பணம் கொடுத்தால் சாவி" என்றது. ஏறக்குறைய 150 நாடுகளில் புகுந்தது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் தவித்தன. பக்கத்து ஆந்திராவில் போலீஸ் இலாகாவின் கம்ப்யூட்டர்களும் சிக்கின.

வேதனை என்னவென்றால், அந்த ஓட்டைக்கு அடைப்பு இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே, வந்துவிட்டது! சிக்கியவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்போது விண்டோஸ் 7-க்குக் காவல் இருந்தது. அடைப்பைப் போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். இன்று போட்டுக்கொள்ள நினைத்தாலும் புது அடைப்பு வருவதில்லை.

பிரவுசர்களும் விலகிக்கொண்டன. கூகிள் கம்பெனியின் குரோம், 2023-ல் 109-வது பதிப்போடு விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. ஆக, கடைக்காரரின் கம்ப்யூட்டரில் கால்குலேட்டர் இல்லாதது சின்னக் குறை. அந்தக் கம்ப்யூட்டரிலேயே பாங்குக் கணக்கைத் திறந்து பார்ப்பதுதான் பெரிய ஆபத்து! ரிப்பேர்க்காரர் "காலம் போச்சு" என்று சொன்னது முழுப் பொய் அல்ல. எதற்குக் காலம் போயிற்று என்று பிரித்துச் சொல்லியிருக்கலாம். தளத்துக்குத்தான் போயிற்று. யந்திரத்துக்கு அல்ல.

ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

யந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போது தளத்தை மட்டும் மாற்ற முடியாதா? முடியும். விண்டோஸ் 11 போட முடியாது. 2021-ல் வந்த அந்தத் தளம், 2011-ல் வாங்கிய யந்திரத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். பாதுகாப்புக்கென்று ஒரு தனிச் சில்லு வேண்டும், இன்ன வருஷத்துக்குப் பிந்திய பிராசஸர் வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது.

லினக்ஸ் அப்படிக் கெடுபிடி செய்வதில்லை. பணமும் கேட்பதில்லை. சிறிய யந்திரங்களுக்கென்றே இலேசான லினக்ஸ் வகைகள் உண்டு. அவற்றுக்குப் புது அடைப்புகள் இன்றும் வருகின்றன. தமிழ்நாட்டுக்கும் இது அந்நியம் அல்ல. சென்னையில் சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் 'பாஸ் லினக்ஸ்' என்று ஒன்றைத் தயாரித்தது. 2014-ல் எக்ஸ்பிக்குக் காவல் போனபோது, அலுவலகங்களில் பாஸ் லினக்ஸ் போடும்படி தமிழக அரசு தன் இலாகாக்களைக் கேட்டுக்கொண்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த யந்திரங்களில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. திறக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். பிள்ளைகளில் பலர் லினக்ஸ் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்!

கடைக்காரருக்கு ஒரு தடங்கல் இருந்தது. அவர் கணக்கு எழுதுவது டாலியில். டாலி விண்டோஸுக்கென்றே எழுதிய புரோகிராம். லினக்ஸுக்கு மாறினால் கணக்கு நின்றுவிடும். "கணக்கை விட்டுக் கால்குலேட்டர் வாங்கச் சொல்றியா?" என்று மகனைக் கேட்டார். நியாயமான கேள்வி.

மகன் இரண்டையும் வைத்தான். முதலில் கணக்கு முழுவதையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து அப்பாவின் பீரோவில் பூட்டினான். பிறகுதான் மற்ற வேலை. கம்ப்யூட்டரின் வட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி லினக்ஸைப் போட்டான். விண்டோஸ் 7 பக்கத்தில் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டான். அங்கே டாலி மட்டும். இன்டர்நெட், பாங்கு, ஜி.எஸ்.டி. தாக்கல் எல்லாம் லினக்ஸ் பக்கம். சைவத்துக்கு ஒன்று, அசைவத்துக்கு ஒன்று என்று ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு வைக்கிறார்களே, அந்த மாதிரி!

லினக்ஸ் பக்கத்தில் கூடவே வந்த கால்குலேட்டரைத் திறந்தான். அதில் பண மாற்று இருந்தது! யூரோவின் விலையை இன்டர்நெட்டிலிருந்து அதுவே எடுத்துக்கொண்டது. எந்த வசதிக்காக நாற்பதாயிரம் என்றார்களோ, அந்த வசதி அதே பழைய யந்திரத்தில், கால் காசு செலவில்லாமல் வந்து உட்கார்ந்தது. மகள் தன் பங்குக்கு ஜியோஜீப்ராவைப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஒரு ஜெர்மன் அம்மாள் கடைக்கு வந்தார். பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை எடுத்துப் பார்த்தார். மகன் ஓடிப் போய் விலையைத் தட்டினான். யூரோவில் எவ்வளவு என்று திரையில் வந்தது. திரையை அவர் பக்கம் பெருமையோடு திருப்பினான்.

அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"நான் பன்னிரண்டு வருஷமா இந்த ஊர்லதான் இருக்கேன், தம்பி. ரூபாயிலேயே சொல்லுங்க. எவ்வளவு குறைப்பீங்க?" என்றார், சுத்தமான தமிழில்!